சிறு சீரமைப்பு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நோண்டி. பின்னால் பேசும்போது மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும் அதே பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது; அதை வாசல் கதவுக்குக் காட்டுவதோடு சரி. ஒரு புகாரை இன்னொருவர் மூடிவிட்டால் நல்ல பிள்ளையாக அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் அங்கே மரியாதை. இவளுக்கு அந்த மரியாதை வராது. மூடியதைத் திறப்பாள், நோண்டி நொங்கெடுப்பாள், கடைசியில் யாருடைய மேசை முன்னாலாவது போய் நின்று "தப்பு உங்க பக்கம்" என்பாள். அப்படிப்பட்டவளோடு யார் சேர்ந்து டீ குடிக்கப் போவார்கள்? அவளும் அதற்காக ஏங்கியதில்லை.

நிறுவனம் எழுதி விற்பது ஓர் இயங்குதளம். மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கானது அல்ல. கணினி என்றே நமக்குத் தோன்றாத பொருட்களுக்கானது. லிப்ட், பெட்ரோல் பம்ப், வந்தவர் முகத்தைக் காட்டும் காலிங் பெல், ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு ஓடும் மானிட்டர். இவற்றைச் செய்யும் கம்பெனிகள் இவர்களிடம் இயங்குதளத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அந்த இயங்குதளத்துக்கும் அடியில் இருப்பது கெர்னல். அங்கே ஒரு தவறு இருந்தால் மேலே இருக்கும் எதுவும் தப்பாது. அதிலும் நெட்வொர்க் பகுதி, அதாவது வெளியுலகம் அனுப்பும் தகவல் பாக்கெட்டுகளை முதலில் கை நீட்டி வாங்கும் இடம், இன்னும் மோசம். வீட்டின் மூலையில் பூட்டு கெட்டிருப்பது ஒன்று, வாசல் கதவில் கெட்டிருப்பது வேறு.

அந்த வாரம் அவள் திறந்த புகார் காலிங் பெல் செய்யும் கம்பெனி அனுப்பியது. 'கருவி தானாக அணைந்து தானாக எழுகிறது. எப்போதாவது.' எப்போதாவது என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு உயிர் வந்திருக்கும். எதையும் கிடப்பில் போட அந்த ஒரு சொல் போதும். 'எங்கள் மேசையில் நிகழவில்லை' என்று எழுதி மூடியிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் மறுபடி கேட்டார்கள். இவர்கள் மறுபடி மூடினார்கள்.

நோண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. கெர்னலின் ஏதாவது ஒரு பகுதி கணினி நினைவகத்தில் ஓர் இடத்தைப் பயன்படுத்தி முடித்துத் திருப்பிக் கொடுத்தால், அதை அப்படியே விடாமல் முழுக்க ஒரே எழுத்தால் நிரப்பச் செய்வாள். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் சுவரெல்லாம் ஈர வண்ணம் அடித்து வைப்பதுபோல. அங்கே யாருக்கும் வேலை இல்லை. அதையும் மீறி ஒருவன் உள்ளே கை வைத்தால் வண்ணம் ஒட்டிக்கொள்ளும். அப்படி வண்ணம் அடித்து வைத்துவிட்டு, ஒரு சோதனை இயந்திரத்தின்மேல் நாலா பக்கத்திலிருந்தும் பாக்கெட்டுகளைக் கொட்டினாள். இணைப்பைத் திறப்பது, பாதியில் மூடுவது, மறுபடி திறப்பது என்று அதற்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது இயந்திரம் இயங்காமல் விழுந்து கிடந்தது. சாகும் முன் அது கொட்டிவிட்டுப் போன வரிகளில் இவள் நிரப்பிய எழுத்து வரிசையாக நின்றது. "மாட்டினியா!" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேசைக்காரன் ஹெட்போனை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டான்.

அங்கிருந்து நூல் பிடித்துப் போனதில் ஒரே ஓர் இடத்தில் வந்து நின்றாள். ஒரு பாக்கெட் வந்தால் கெர்னலில் பல பகுதிகள் அதைக் கையில் எடுக்கும். எடுக்கிற ஒவ்வொரு பகுதியும் ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமானால் இனி யாருக்கும் வேண்டாம் என்று பொருள், அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம். கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்கிற ஏற்பாடுதான். எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கூட்டிக் குறைத்திருந்தார்கள். இந்த ஒரு குறுக்குவழியில் மட்டும் கூட்டவில்லை. ஏன் கூட்டவில்லை என்று மேலே ஒரு குறிப்பும் இருந்தது: 'இங்கே எண்ணிக்கை தேவையில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடப் போகிறோம்.'

அந்த ஒரு பார்வைக்குள் வேறொரு பகுதி இணைப்பை மூடிவிடலாம். எண்ணிக்கை பூஜ்யமாகி, இடம் கைமாறி, உள்ளே வேறு யாருடைய சரக்கோ வந்து உட்கார்ந்திருக்கும். அது தெரியாமல் இந்தக் குறுக்குவழி பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு, பார்த்ததற்கு அடையாளமாக ஒரு குறியும் எழுதிவிட்டுப் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் கருவி விழுந்து எழுந்திருக்கும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் வெளியில் எங்கோ இருக்கும் ஒருவன், நேரம் பார்த்துப் பாக்கெட் அனுப்பி, தன் சரக்கை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுவான். அதன்பின் கருவி அவனுடையது. கடவுச்சொல் வேண்டாம், யாரையும் ஏமாற்றி எதையும் அழுத்தச் சொல்ல வேண்டாம். கருவி நெட்வொர்க்கில் இருந்தால் போதும்.

எழுதியது ராக்கெட். நெட்வொர்க் பகுதிக்குப் பொறுப்பாளர். ராக்கெட் என்ற பெயர் வந்ததே இந்தக் குறுக்குவழியால்தான். எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பது சின்ன வேலை என்றாலும், வந்து குவியும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செய்தால் நேரம் தின்னும். அதைத் தூக்கி எறிந்ததும் வேகம் எகிறியது. அன்றிலிருந்து நிறுவனம் விற்பதே அந்த வேகத்தைத்தான். ராக்கெட்டுக்கு ஜன்னலோர அறை கிடைத்ததும் அதனால்தான்.

நோண்டி அந்த அறைக்குள் போய் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"எவ்வளவு நாளா இருக்கு இது?" என்றார்.

"நீங்க எழுதின நாள்லேருந்து, சார்."

நோண்டிக்கு இப்படித்தான் பேச வரும். ராக்கெட் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு பார்வைதானேன்னு நெனச்சேன்" என்று திரையைப் பார்த்தே சொன்னார். பிறகு, "கூட்டிக் குறைச்சிடலாம். வேகம் அடி வாங்கும். பரவாயில்ல, எழுது" என்றார். அந்த நிமிடம் அவர்மேல் அவளுக்கு மரியாதை வந்தது. கேலண்டர் உள்ளே வரும்வரை அது நிலைத்தது.

கேலண்டர் என்பது வெளியீட்டு மேலாளர். தேதி இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. புதிய வெளியீடு நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய வாடிக்கையாளர்களை வரவழைத்து, வேகத்தைக் கண்முன் ஓட்டிக் காட்டப் போகிறார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் சொன்னது, "தேதி மாறாதுல்ல?" என்பதுதான்.

"தேதி மாறாது. வேகம்தான் கொஞ்சம் குறையும்" என்றார் ராக்கெட்.

"அத நான் பாத்துக்கறேன். திருத்தத்த சேருங்க. தலைப்பு மட்டும் நான் சொல்றத போடுங்க. 'சிறு சீரமைப்பு'."

தலைப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அந்தத் தொழிலில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வெளியே போகும். கருவி செய்கிறவர்கள் அத்தனையையும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள், தலைப்பை மேய்வார்கள். 'பாதுகாப்பு' என்றிருந்தால் அடித்துப் பிடித்து அந்த வாரமே கருவிகளுக்கு அனுப்புவார்கள். 'சிறு சீரமைப்பு' என்றிருந்தால் அடுத்த மாடல் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் கருவிக்கு அடுத்த மாடல் என்பது ஒருநாளும் வராது.

"அது சீரமைப்பு இல்ல சார், ஓட்டை" என்றாள் நோண்டி.

"ஓட்டைன்னு எழுதினா திருடனுக்கு நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆகாதா?"

"திருத்தம் வெளியில போன உடனே அவன் படிச்சிடுவான் சார். அவன் தலைப்பப் பாக்க மாட்டான். எந்த வரிய மாத்தினாங்க, எதுக்கு மாத்தினாங்கன்னு பாப்பான். அதான் அவன் பொழப்பே. தலைப்ப மட்டும் பாத்துட்டுப் போறவங்க ஆஸ்பத்திரி மானிட்டர் செய்யறவங்க, லிப்ட் செய்யறவங்க. அப்ப நீங்க யாருகிட்டேருந்து மறைக்கறீங்க?"

கேலண்டர் சிரித்தார். குழந்தை நிலாவைப் பிடித்துத் தா என்று கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "ரிலீஸ் முடியட்டும்மா. ஆற அமர எல்லாருக்கும் சொல்லிக்கலாம்" என்றார். நோண்டி ராக்கெட்டைப் பார்த்தாள். ராக்கெட் ஜன்னலைப் பார்த்தார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமே இல்லை.

நோண்டி தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா நர்ஸ். நாள் நிறையாமல் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் வார்டு. அன்று சாயங்காலம் அக்கா காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வார்டுல ஒரு மானிட்டர் இன்னைக்கு என் உயிர வாங்கிடுச்சுடி. தானா அணைஞ்சுது, தானா வந்துச்சு. அந்த நேரம் பாத்துக் கொழந்தைக்கு மூச்சு நின்னிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? ரிப்பேர்காரர் வந்து தட்டிப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குங்கறாரு."

"எந்தக் கம்பெனி மானிட்டர்?" என்று கேட்டாள் நோண்டி. அக்கா சொன்ன பெயர் அவளுடைய அலுவலகச் சுவரில், 'நம் வாடிக்கையாளர்கள்' என்ற வரிசையில், சட்டம் போட்டு மாட்டியிருந்த பெயர்.

"ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி முழிக்கற?"

வேலை விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று நோண்டி எழுதிக் கொடுத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்து, தட்டில் கை வைத்தபடி அதை நினைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அக்காவிடம் சொல்லாமல் இந்தத் தட்டில் எப்படிச் சாப்பிடுவது?

"ஒரு எடத்தக் காலி பண்ணி வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. அது தெரியாம, பழைய ஆள்தான் இருக்காருன்னு நெனச்சு இன்னொருத்தர் அதுல எழுதிட்டுப் போறாரு. அதான் விஷயம்."

அக்கா யோசித்தாள். "டிஸ்சார்ஜ் ஆன பேஷண்ட்டோட படுக்கையில வேற ஆள் படுத்திருக்கு. இவ பழைய சீட்டப் பாத்து ஊசி போட்டுட்டுப் போறா. அப்படியா?"

"அப்படியேதான்."

"இதுக்கு உங்க ஆபீஸ்ல என்னன்னு பேரு வெச்சிருக்காங்க?"

"சிறு சீரமைப்பு."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா, "அக்கா தங்கச்சி இந்தக் குரல்ல பேச ஆரம்பிச்சா நான் நடுவுல இருக்கறது நல்லதில்ல" என்று தட்டோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"உன் வார்டுல மட்டும் நெட்வொர்க் வயரப் பிடுங்கி வெச்சிடு" என்றாள் நோண்டி. "யாரு கேட்டாலும் வேற ஏதாவது காரணம் சொல்லு."

"பிடுங்கினா நாங்க உக்கார்ற நடு மேசைக்கு அலாரம் வராது. நாங்க ரெண்டு பேரு, அத்தனை கொழந்தைங்க. ஓடி ஓடிப் பாக்கணும். சரி, பாத்துக்கறோம்னே வெச்சுக்க. அது என்ன, என் வார்டுல மட்டும்? மேல் மாடியில ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்காங்களே, அவங்க யாரு பெத்த பிள்ளைங்க? நீ எனக்கு மட்டும் ரகசியமா சொல்லிட்டா, நாளைக்கு அந்த வார்டு நர்ஸு மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? சொல்றதா இருந்தா எல்லாருக்கும் சொல்லு. இல்லாட்டி என்கிட்டயும் சொல்லியிருக்காத."

நோண்டிக்கு வெட்கமாக இருந்தது. அக்காவை மட்டும் காப்பாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறோம் என்று வெட்கம். அந்த வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாகத் திரண்டது. மறுநாள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அது அப்படியே இருந்தது.

அங்கே ஒரு நடைமுறை. எந்தத் திருத்தமும் இரண்டு பெயர் இல்லாமல் உள்ளே போகாது. எழுதியவர் பெயர், படித்துப் பார்த்தவர் பெயர். பெயர் போடுவது என்றால், தலைப்பில் சொல்லியிருப்பது உண்மை என்று ஒப்புக்கொள்வது. நோண்டி எழுதிய திருத்தம் தயாராக இருந்தது. கேலண்டர் அதன் தலைப்பை மாற்றி, பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டு அவளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"போட மாட்டேன்" என்றாள்.

"நல்லா யோசிச்சுப் பேசுங்க" என்றார் கேலண்டர். "ஓட்டை ஓட்டைன்னு நேத்து குதிச்சது நீங்க. இன்னைக்கு அத அடைக்க விடாம நிக்கறதும் நீங்க. நாளைக்கு எங்கயாவது ஏதாவது ஆச்சுன்னா அது யார் தலையில விழும்?"

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. சரியான இடம் பார்த்து அடித்தார். பொய்க்குக் கீழே பெயர் போட்டால் புதிதாகச் செய்யும் கருவிகளாவது தப்பும். போடாவிட்டால் எதுவுமே தப்பாது. நோண்டி நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் கீழே தட்டிக்கொண்டே யோசித்தாள். சாப்பிடப் போகவில்லை. திருத்தம் போக வேண்டும், அது அவசரம். பொய்க்கு ஒத்துக்கொள்ளவும் முடியாது. திருத்தம் வேறு, பொய் வேறு என்று பிரித்துப் பார்த்ததும் வழி தெரிந்தது. எழுந்து ராக்கெட்டின் அறைக்குப் போனாள். கேலண்டரும் அங்கேதான் இருந்தார்.

"என் திருத்தத்த நீங்களே எடுத்துக்குங்க சார். உங்க பேர்லயே சேருங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல. தலைப்பும் உங்களோடது" என்றாள் ராக்கெட்டிடம்.

கேலண்டர் முகம் மலர்ந்தது. "இதத்தான் முதல்லேருந்தே சொல்றேன்."

"ஆனா திருத்தத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதிச் சேப்பேன். அது என் வேலை."

"எழுதுங்க, எழுதுங்க. டெஸ்ட்தானே."

ராக்கெட் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். டெஸ்ட் என்றால் என்ன, அது எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும். கேலண்டருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திருத்தத்தைச் சேர்க்கத் திரும்பினார். அன்று பிற்பகலே 'சிறு சீரமைப்பு' அவர் பெயரில் உள்ளே போனது. படித்துப் பார்த்தவர் என்ற இடத்தில் அணியில் யாரோ ஒருவன் படிக்காமலே பெயர் போட்டிருந்தான்.

டெஸ்ட் என்பது கெர்னல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்; அதை எழுதுவது அந்த அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காத வேலை. அதனால்தான் அது நோண்டியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. யாருக்கும் அக்கறை இல்லாததால், டெஸ்ட்டுக்கும் இரண்டாவது பெயர் வேண்டும் என்று ஒரு விதி போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் கருவி செய்கிற எல்லாக் கம்பெனிகளும் அந்த டெஸ்ட்டுகளைத் தினமும் தங்கள் கருவிகள்மேல் ஓட்டும். புது டெஸ்ட் சேர்ந்தால் தானாகவே அவர்களிடம் போய்ச் சேரும். கருவி தேறிப் பச்சை வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேறாமல் சிவப்பு வந்தால் கம்பெனியில் ஒருவரும் உட்கார முடியாது.

அவள் எழுதியது கருவியைக் கைப்பற்றும் வித்தை அல்ல. திருடனுக்கு ஏணி எடுத்துக் கொடுக்க அவளுக்கு என்ன பைத்தியமா? திருப்பிக் கொடுத்த இடத்தில் வண்ணம் அடித்துவிட்டு, குறுக்குவழி அதில் கை வைக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வைத்தால் சிவப்பு. அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. தலைப்பை அவள் ஒரே மூச்சில் எழுதினாள்: 'நெட்வொர்க் பகுதியில் பாதுகாப்பு ஓட்டை: விடுவித்த நினைவக இடத்தில் எழுதுகிறது. பழைய வெளியீடுகள் அனைத்திலும் உண்டு. இதற்கான திருத்தம் இன்று "சிறு சீரமைப்பு" என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டது.' கீழே தன் பெயரைப் போட்டாள். நோண்டி என்றல்ல, பெற்றவர்கள் வைத்த முழுப் பெயரை.

அடுத்த நாள் காலையில் தொலைபேசிகள் அடங்கவில்லை. காலிங் பெல் கம்பெனி, பெட்ரோல் பம்ப் கம்பெனி, இதுவரை குரலையே கேட்டிராத லிப்ட் கம்பெனி. மானிட்டர் கம்பெனி போனில் பேசக்கூட நிற்கவில்லை. திருத்தத்தை எடுத்து நேராகக் கருவிகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. வேகத்தைக் காட்டப் போட்டிருந்த விழாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கேலண்டர் காரிடாரில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இல்லைங்க, அது ஒரு சின்ன… இல்லைங்க…" என்று நடந்துகொண்டிருந்தார். நோண்டிக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

மதியத்துக்கு முன்பே கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கேலண்டர், ராக்கெட், மனிதவளத் துறைப் பெண்மணி. நடுவில் ஒரு மடிக்கணினி திறந்திருந்தது.

"யார கேட்டு இதப் பண்ணீங்க?" என்றார் கேலண்டர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்களத்தான் சார். எழுதுங்க, டெஸ்ட்தானேன்னு சொன்னீங்க."

மனிதவளப் பெண்மணி இருமலைப் போல ஏதோ செய்தாள். கேலண்டர் மேசையைத் தட்டினார். "இன்னும் பாதி கம்பெனிங்க இன்னைக்கு டெஸ்ட் ஓட்டல. இப்பவே தூக்கிட்டா அவங்க வரைக்குமாவது விஷயம் போகாது. எடுங்க அத."

அந்தப் பாதியில் யார் யார் இருப்பார்கள் என்று நோண்டிக்குத் தெரியும். சின்னக் கம்பெனிகள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது டெஸ்ட்டை ஓட்டிவிட்டுப் போகிறவர்கள். டெஸ்ட் போய்விட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது 'சிறு சீரமைப்பு' மட்டும்தான்.

"டெஸ்ட் தப்புன்னா எடுக்கறேன்" என்றாள். "தப்பா?"

அந்த அலுவலகத்தில் ஒரு காலத்தில், சிவப்பு வந்தால் கெர்னலைத் திருத்தாமல் டெஸ்ட்டையே தூக்கிவிடும் கெட்ட பழக்கம் இருந்தது. அதை ஒழிக்க ஒரு விதி போட்டிருந்தார்கள். சம்பந்தப்பட்ட பகுதியின் பொறுப்பாளர் 'இந்த டெஸ்ட் தவறு' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டால்தான் ஒரு டெஸ்ட்டை நீக்க முடியும். நெட்வொர்க் பகுதியின் பொறுப்பாளர் ராக்கெட். கேலண்டர் மடிக்கணினியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டே வார்த்த சார். 'டெஸ்ட் தவறு'. அடிச்சு விடுங்க."

ராக்கெட் விசைகளின்மேல் கையை வைத்தார். நோண்டி அவர் விரல்களையே பார்த்தாள். அவள் கையில் இனி ஒன்றும் இல்லை. இந்த மனிதர் இரண்டு சொல் அடித்தால் எல்லாம் முடிந்தது. யாருக்கும் தெரியாமல் ஓட்டை சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கும். கெஞ்சலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை.

"அடிங்க சார்" என்றாள். "அடிச்சிட்டு, அந்தக் குறுக்குவழில எந்த எடத்துல என் டெஸ்ட் தப்புன்னு அதுக்குக் கீழ எழுதிக் காட்டுங்க. எல்லாக் கம்பெனிக்காரங்களும் படிப்பாங்க. திருடனும் படிப்பான். உங்களப் பாத்து நெட்வொர்க் கத்துக்கிட்டவங்க அத்தன பேரும் படிப்பாங்க."

ராக்கெட் கையை எடுத்துக்கொண்டார்.

"டெஸ்ட் சரி" என்றார்.

"சரியா தப்பான்னு நான் கேக்கல சார்…"

"நான் சொல்றேன். சரியா இருக்கு. என்னால தப்புன்னு எழுத முடியாது." மடிக்கணினியைக் கேலண்டர் பக்கமே திருப்பித் தள்ளினார். "ஏற்கெனவே ஒரு பொய்க்குக் கீழ என் பேர் இருக்கு. அது போதும்." எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

கேலண்டர் மடிக்கணினியைப் பார்த்தார். அதில் பெயர் போடும் இடம் காலியாக மினுக்கிக்கொண்டிருந்தது. தன் பெயரை அங்கே போட அவருக்கு விதியும் இடம் கொடுக்காது, துணிச்சலும் கிடையாது. கோபத்தை வேறு எங்கே கொட்டுவது? "இவங்க சிஸ்டத்துக்குள்ள போற அனுமதியெல்லாம் இப்பவே எடுத்துடுங்க" என்றார் மனிதவளப் பெண்மணியிடம். "இன்னையோட இவங்க இங்க இல்ல."

"தாராளமா" என்றாள் நோண்டி. அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தன் மேசைக்குப் போய்ப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரன் முதல் முறையாக ஹெட்போனைக் கழற்றி, "ஏங்க…" என்று எழுந்தான். "உக்காருங்க, பரவாயில்ல" என்று அவனுக்கு இவள் சொல்லிவிட்டு வந்தாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. பட்டப்பகலில் வேலை இல்லாமல் தெருவில் நிற்பது அவளுக்குப் புதிது. அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது பசிதான். ஒரு கடை நிழலில் ஒதுங்கியபோது அக்கா கூப்பிட்டாள். பின்னணியில் ஏதேதோ கருவிகள் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

"எங்கடி இருக்க? இங்க ஒரே கலாட்டா. மானிட்டர ஒண்ணொண்ணா அணைச்சு அணைச்சுப் புதுசு ஏத்தறாங்க. நான் கொழந்தைங்க நெஞ்சுல கைய வெச்சு எண்ணிட்டிருக்கேன். உன் வேலைதான?"

"ஆமாக்கா."

"எல்லா வார்டுக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"சரி, ஆபீஸ்ல ஏன் இவ்வளவு சத்தம்? வண்டி போற மாதிரி கேக்குது."

"தெருவுல நிக்கறேன். வேலை போச்சுக்கா."

போனில் ஒரு கருவியின் கத்தல் நின்றது, இன்னொன்று ஆரம்பித்தது.

"நீ எழுதிப் போட்டியே, அது?"

"அது அங்கயேதான் இருக்கு. தப்புன்னு எழுத ஒருத்தருக்கும் கை வரல."

"அப்ப சரி" என்றாள் அக்கா. உடனே நர்ஸ் குரலுக்குத் திரும்பிவிட்டாள். "இங்க மேல் மாடியில இருக்கறது வேற கம்பெனி மெஷினாம். சின்னக் கம்பெனி, ஆனா உள்ள ஓடறது உங்களோடதுதானாம். அவங்க இன்னும் எட்டிக்கூடப் பாக்கல. யாரப் பிடிக்கணும், எந்த நம்பருக்குப் பேசணும்னு சொல்லு, நானே பேசறேன்."

"நீ கொழந்தைங்களப் பாருக்கா" என்றாள் நோண்டி. "மெஷின் பின்னாடி கம்பெனி பேரும் நம்பரும் ஒட்டியிருக்கும், அத மட்டும் படிச்சுச் சொல்லு. நான் பேசிக்கறேன். எனக்குத்தான் இப்ப வேற வேலை இல்லையே."